மலையிசையும் தூய்மைவாதமும்

நண்பர்கள் கூடும் மாலைகளில், அமெரிக்க அப்பலேச்சிய மலைப்பகுதியின் இசைத்தட்டுகளைச் சுழலவிடுவது நீண்ட காலமாக எமது வழக்கம். அண்மையில் அவ்வாறு கேட்டுக்கொண்டிருந்தபொழுது தோழரொருவர், “இது வெள்ளை நிறவெறியரின் இசையல்லவா? இதன்மீது இத்தனை வருடக் காதல் உங்களுக்கு எவ்வாறு ஏற்பட்டது?” என்று கேட்டார். அருகிலிருந்த இளம் ஆசிரியர் வேறொரு வினாவை எழுப்பினார்: “நிறவெறி ஒருபுறமிருக்கட்டும். தொழிலாளர் போராட்டம் பற்றி இதில் ஒரு பாட்டாவது உண்டா?” அன்று நாம் சொன்ன விடைகள் எமக்கே திருப்தியளிக்கவில்லை. இக்கட்டுரை அவ்விரு வினாக்களுக்கும் அமைதியாக இருந்து விடை தேடும் முயற்சியாகும்.

பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வோம். வெர்ஜீனியா, கென்ரக்கி, ரெனிசி, வட கரோலினா ஆகிய மாநிலங்களினூடாகச் செல்லும் மலைத்தொடரில், பிடிலும் பான்ஜோவும் பிரதான கருவிகளாகக் குடிசை முற்றங்களிலும் ஆட்டக்கூடங்களிலும் வளர்ந்த பழைய இசையை ‘ஓல்ட்-ரைம்’ என்பர். அதன் வழிவந்து, 1940களின் நடுப்பகுதியில் பில் மன்றோ என்பவரின் குழுவினால் உருப்பெற்றது ‘புளூகிறாஸ்’. அக்குழுவின் பெயரே பின்னர் அவ்விசைக்கும் பெயராயிற்று. ஜிம் றீவ்ஸின் இதமான குரலைக் கேட்டு வளர்ந்த எமது நாட்டு இரசிகருக்கு இது சற்றுக் கரடுமுரடாகவே தோன்றும். மெருகிடப்பட்ட ‘கன்ட்றி’ப் பாடல் வேறு, இது வேறு.

முதலாவது வினாவை மழுப்புதல் தகாது. அதற்கு ஆதாரம் உண்டு. மலைப்புற, கிராமப்புற வெள்ளையரின் இசையை விற்றுப் பணம் பண்ணலாம் என்பதை இசைத்தட்டுக் கம்பனிகளுக்கு உணர்த்தியவர் ஜோன் கார்சன் என்னும் பிடில் கலைஞர். 1923ஆம் ஆண்டு அற்லான்ரா நகரில் அவரது இசை பதிவுசெய்யப்பட்டது. இதே கார்சன்தான், லியோ பிராங்க் என்னும் யூதத் தொழிற்சாலை மேலாளர்மீது கொலைப்பழி சுமத்தப்பட்ட காலத்தில், வெறுப்பைத் தூண்டும் கதைப்பாடலொன்றைப் புனைந்து பொதுமக்கள் முன் பாடியவர். பிராங்க் 1915இல் வெறிகொண்ட கும்பலொன்றினால் தூக்கிலிடப்பட்டுக் கொல்லப்பட்டார். கு கிளக்ஸ் கிளான் கூட்டங்களிலும் கார்சன் வாசித்திருக்கிறார். இவையெல்லாம் பதிவான வரலாறு. பஞ்சாலையில் கூலிக்கு உழைத்த தொழிலாளி அவர் என்பதும் அவ்வாறே பதிவான வரலாறு. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும் விமர்சகன் இரசிகர்மன்றம் நடத்தலாம், விமர்சனம் எழுதலாகாது.

ஆயின், அந்த இசையே வெள்ளையரின் தனிச்சொத்து என்று கூறினால், அக்கூற்றை அவ்விசையின் கருவிகளே மறுத்துரைக்கும். பான்ஜோ ஆபிரிக்காவின் வழித்தோன்றல். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள், சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திக் கம்பு செருகி, மேற்காபிரிக்க யாழ்வகைகளின் நினைவைக் கொண்டு கரீபியனிலும் அமெரிக்காவிலும் உருவாக்கிய கருவி அது. ஐந்து நரம்புகளுள் ஒன்று மட்டும் குறுகியிருக்கும். பெருவிரல் அதனை விடாது தட்டிச் சுருதியைக் காத்துக்கொண்டிருக்கும். அதனை 19ஆம் நூற்றாண்டு வெள்ளைக் கலைஞரொருவர் கண்டுபிடித்தார் என நெடுங்காலம் கதைகட்டினர். தென் கரோலினாவில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரையப்பட்ட ஓவியமொன்று அக்கதையைப் பொய்யாக்குகின்றது: அடிமை மக்கள் கூடியாடும் அக்காட்சியில், ஒருவர் கையிலுள்ள சுரைக்குடுக்கைப் பான்ஜோவில் அக்குறு நரம்பு ஏற்கனவே இருக்கின்றது. பின்னர், மலைகளைக் குடைந்து புகைவண்டிப் பாதை அமைக்கவும் நிலக்கரி வெட்டவும் கறுப்பினத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அங்கு சென்றனர். பிடில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதனைக் கறுப்பினத்தார் எத்தனையோ தலைமுறைகளாக வாசித்து வந்தனர். இவ்விரு கருவிகளும் ஒன்றையொன்று தழுவிக்கொண்ட இடத்திலே பிறந்ததுதான் மலையிசை.

அவ்வாறாயின் அது ‘தூய வெள்ளை’ இசையாகியது எப்படி? இதனைச் செய்தவர்கள் மலைமக்களல்லர். மலையிசையை மிக அதிகமாக நேசித்தவர்களே. இஃது எமக்கு நெடுங்காலம் விளங்காதிருந்த முரண்பாடு.

இங்கிலாந்தைச் சேர்ந்த செசில் ஷார்ப், தமது உதவியாளர் மோட் கார்ப்பிலிசுடன் 1916க்கும் 1918க்கும் இடையில் அம்மலைகளில் கால்நடையாகத் திரிந்து பாடல்களைத் தொகுத்தார். நோயாளியான அம்மனிதரின் உழைப்பு வியப்புக்குரியது. அவர் தொகுத்திராவிடின் மறைந்தே போயிருக்கும் பாடல்கள் எத்தனையோ. ஆனால், அவர் தேடிச் சென்றது இங்கிலாந்தின் இழந்த குழந்தைப் பருவத்தை. ஒலிவ் டேம் காம்பெல் அம்மையாருடன் சேர்ந்து 1917இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ‘ஆங்கிலேய’ என்னும் அடைமொழி நிற்கின்றது. பழைய கதைப்பாடல் கிடைத்தபொழுது அவர் மகிழ்ந்தார். தேவாலயப் பாடலையும் புதுப் பாடலையும் அவர் பெரிதாக மதிக்கவில்லை. அவர் பாடக் கேட்டெழுதிய கறுப்பினத்தார் மிகச் சிலரே. தேடியது கிடைத்தது, தேடாதது ‘இல்லை’ என்றாயிற்று.

ஷார்ப் கண்மூடியிருந்தார் எனில், அவருக்குப் பின் வந்தோர் கண்திறந்தே செய்தனர். மோட்டார் முதலாளி ஹென்றி போர்ட், ஜாஸ் இசையை யூதரின் சதியெனத் தமது பத்திரிகையிலே தூற்றிக்கொண்டு, அதற்கு மாற்று மருந்தாக 1920களில் பழைய பிடிலிசைக்கும் சதுர ஆட்டத்திற்கும் பணத்தை வாரி இறைத்தார். தொழிலாளியை இயந்திரத்தோடு பிணைத்தவர், அவன் மாலையில் ஆடவேண்டிய ஆட்டத்தையும் தீர்மானிக்க முற்பட்டார்! வெர்ஜீனியாவில் 1931 முதல் 1939 வரை வைட்ரொப் மலையுச்சியில் நடந்த இசைவிழா இன்னும் தெளிவான உதாரணம். அதன் வழிகாட்டிகளுள் ஒருவரான ஜோன் பவல் என்னும் இசையமைப்பாளர், இனக்கலப்புத் திருமணத்தைக் குற்றமாக்கிய 1924ஆம் ஆண்டு வெர்ஜீனியாச் சட்டத்திற்காக முன்னின்று பாடுபட்டவர். ஆங்கிலோ-சாக்சன் பண்பாட்டைக் காப்பதற்கெனச் சங்கம் அமைத்தவர். அவ்விழாவிலே கறுப்பினத்தாருக்கு இடமிருக்கவில்லை. ஆபிரிக்கக் கருவியை மீட்டி ஆங்கிலோ-சாக்சன் தூய்மையைக் கொண்டாடிய அக்காட்சியை எந்த நையாண்டி எழுத்தாளனும் கற்பனைசெய்திருக்க முடியாது.

மறுபுறத்தில், கம்பனிகளுக்குத் தூய்மை பற்றிய கவலை இல்லை, விற்பனையே கவலை. கறுப்பினத்தாருக்கு விற்பதற்கென ஒரு வரிசை, வெள்ளையருக்கு விற்பதற்கென ‘பழைய பாட்டுகள்’ என இன்னொரு வரிசை எனப் பட்டியலை இரண்டாகப் பிளந்தனர். இவ்வணிகப் பாகுபாடு சில ஆண்டுகளிலேயே வரலாற்று உண்மைபோல் தோற்றங்கொண்டது. கறுப்பினப் பிடில் கலைஞர்கள் இருந்தனர். ஆனால் அவர்கள் வாசித்த ஆட்டப்பாட்டுகள் எந்த வரிசையிலும் சேராதபடியால் பெரும்பாலும் பதிவாகவேயில்லை. விதிவிலக்காக, 1927இல் கென்ரக்கியின் ஜிம் புக்கர் வெள்ளையர் குழுவொன்றுடன் சேர்ந்து வாசித்துப் பதிவாகியுள்ளார். அத்தட்டு வெள்ளையருக்கான வரிசையில் விற்பனையாயிற்று. கேட்டவருக்கு யார் வாசித்தது என்பது தெரியாது.

தெரியாமற்போனவர் அவர் மட்டுமல்லர். 1927இல் பிரிஸ்ரல் நகரில் பதிவாகிப் புகழ்பெற்ற கார்ட்டர் குடும்பத்தின் தலைவர் ஏ. பி. கார்ட்டர் பாட்டுத் தேடி ஊரூராகச் சென்றபொழுது, அவருடன் கூடச் சென்றவர் லெஸ்லி றிடில் என்னும் கறுப்பினக் கிற்றார் கலைஞர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். றிடில் மெட்டை மனத்திலே பதித்து வருவார். இசைத்தட்டிலே றிடிலின் பெயர் இல்லை. புளூகிறாசின் தந்தை எனப்படும் பில் மன்றோ, இளமையில் மேற்குக் கென்ரக்கியிலே ஆர்னல்ட் ஷூல்ற்ஸ் என்னும் கறுப்பினச் சுரங்கத் தொழிலாளியுடன் ஆட்டக்கூடங்களில் வாசித்தவர். அக்கடனை மன்றோ தம் வாழ்நாள் முழுவதும் வெளிப்படையாகச் சொல்லிவந்தார். ஷூல்ற்ஸோ, ஒரு தட்டேனும் பதிவாகாமலே 1931இல் மறைந்தார்.

இவ்விடத்தில் டொக் பொக்ஸ் என்பவரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். மலையிசையில் எமக்கு ஈடுபாடு உண்டாக்கிய குரல் அவருடையதே. 1898இல் வெர்ஜீனியாவின் நிலக்கரிப் பிரதேசத்திலே பிறந்து, சிறுவயதிலேயே சுரங்கத்துள் இறங்கியவர். அவருடைய ஊரில் வெள்ளையர் பான்ஜோவை விரல்நகத்தால் மேலிருந்து கீழாக அடித்து வாசிப்பர். கறுப்பினக் கலைஞரொருவர் விரல்நுனிகளால் ஒவ்வொரு சுரமாகக் கிள்ளி வாசித்ததைச் சிறுவன் பொக்ஸ் கண்டான். அவ்வாறே வாசிப்பதென்று உறுதிகொண்டான். அவர் வாசிப்பில் பான்ஜோ பாட்டின் மெட்டையே தொடர்ந்து செல்லும். குரலும் நரம்பும் ஒன்றையொன்று விட்டுப் பிரியா. குரலிலே இனிமை இல்லை. மூக்கால் வரும், நெரித்த, வறண்ட குரல். பாடுபவர் எம்மிடம் இரக்கம் கேட்கவில்லை என்பது முதலடியிலேயே புலனாகிவிடும்.

1927இல், கம்பனிக்காரர் அவ்வூரிலே ஆட்தேர்வு நடத்தி, அவரை நியூயோர்க்குக்கு அழைத்துச்சென்று எட்டுப் பாடல்களைப் பதிவுசெய்தனர். சுரங்கத்தைவிட்டு வெளியேறி இசையால் வாழலாம் என்று அவர் நம்பினார். 1929இல் மேலும் நான்கு பாடல்கள். அதன்பின் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. இசைத்தட்டு வாங்க யாரிடமும் பணமில்லை. பொக்ஸ் பான்ஜோவைக் கைவிட்டுச் சுரங்கத்துள் திரும்பவும் இறங்கினார். கால் நூற்றாண்டு அவர் வாசிக்கவில்லை. 1963இல் மைக் சீகர் என்னும் இளங்கலைஞர் தேடிச்சென்றபொழுது, வேலையிலிருந்து ஓய்ந்து நோட்டன் நகரில் வாழ்ந்துகொண்டிருந்த பொக்ஸ், அண்மையிலேதான் பான்ஜோவைத் திரும்பக் கையிலெடுத்திருந்தார். 1971இல் இறக்கும்வரை அவர் பாடிப் பதிவுசெய்தவை, இளமையிற் பாடியவற்றைவிடப் பன்மடங்கு அதிகம். அந்தப் பன்னிரண்டு பாடல்களில் எதுவும் சுரங்கத்தைப் பற்றியதன்று. காதல், கொலை, சாவு, தனிமை என்பனவே அவற்றின் பொருள். ஆனால் அவற்றைப் பாடியவர், நாளை மீண்டும் பூமிக்குள் இறங்கவேண்டியவர்.

இனி இளம் ஆசிரியரின் வினா. ‘போராட்டப் பாட்டு உண்டா?’ என்பதற்குப் பட்டியலிட்டு விடைகூறுதல் எளிது. வட கரோலினாவின் கஸ்ரோனியாவில் 1929ஆம் ஆண்டு நடந்த நெசவாலை வேலைநிறுத்தத்தில் மலைமெட்டுகளிலே பாட்டுக்கட்டிப் பாடிய எல்லா மே விக்கின்ஸ், கறுப்பினத் தொழிலாளரும் சங்கத்திற் சேரவேண்டும் என உழைத்தவர். அவ்வருடம் செப்ரெம்பரில், கூட்டத்திற்குச் செல்லும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1931இல் கென்ரக்கியின் ஹாலன் பகுதியில், சங்க ஊழியரான தம் கணவரைத் தேடிவந்த ஷெரீப்பின் ஆட்கள் வீட்டைப் புரட்டிப்போட்ட பின்னர், புளோரன்ஸ் றீஸ் நாட்காட்டித் தாளிலே எழுதிய பாட்டு உலகெங்கும் பரவியது. இவை எம் பெருமைகள். இளமையில் நாமும் இத்தகைய பாட்டுகளை மட்டுமே பொறுக்கியெடுத்து, எஞ்சியவற்றை ‘பின்தங்கிய உணர்வின் வெளிப்பாடு’ என ஒதுக்கினோம்.

அஃது எமது தவறு. ஷார்ப் இங்கிலாந்தைத் தேடினார். நாம் சுலோகத்தைத் தேடினோம். வடிகட்டி வேறு, வடிகட்டும் பழக்கம் ஒன்றே. இத்தவறு எமக்கு முன்னரும் நடந்திருக்கின்றது. 1930களில் நியூயோர்க்கில் இடதுசாரி இசையமைப்பாளர் குழுவொன்று, தொழிலாள வர்க்கத்திற்கெனப் புதுமையான, சிக்கலான கோஷ்டிப் பாடல்களை இயற்றிக்கொண்டிருந்தது. கென்ரக்கிச் சுரங்கப் போராட்டத்திலே கறுப்புப் பட்டியலில் இடப்பட்டு ஊரைவிட்டு வெளியேறிய மருத்துவிச்சி மொலி ஜாக்சன், அவர்கள் மத்தியிலே தம் மலைப்பாட்டுகளைப் பாடினார். குழுவினர் பலருக்கு அவை சுவைக்கவில்லை. தொழிலாளி நேரில் வந்து பாடியபொழுது, தொழிலாளிக்கான இசையைப் படைத்துக்கொண்டிருந்தோரால் அதனை இனங்காண முடியவில்லை! அக்குழுவைச் சேர்ந்த சார்ள்ஸ் சீகர் தவறை உணர்ந்துகொண்டார். பிற்காலத்தில் பொக்ஸைத் தேடிச் சென்ற மைக் சீகர் அவருடைய மகனே.

வர்க்க அனுபவம் பாட்டின் சொல்லில் மட்டும் குடியிருப்பதில்லை, உருவத்திலும் குடியிருக்கும். புளூகிறாஸ் இதற்குச் சிறந்த சான்று. அதனைப் பன்னெடுங்காலத்து மலைக்கலை எனப் பலர் நம்புகின்றனர். உண்மையில் அது வானொலியைவிட இளையது. பில் மன்றோ, பெற்றோரை இழந்து, 18 வயதில் இந்தியானா மாநிலத்திற்குச் சென்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலே பீப்பாய்களைக் கழுவி அடுக்கியவர். 1945ஆம் ஆண்டு டிசெம்பரில் அவரது குழுவிற் சேர்ந்து அவ்விசையை முழுமையாக்கிய ஏர்ள் ஸ்க்றக்ஸ், போர்க்காலத்தில் வட கரோலினாவின் நூலாலையிலே வேலைசெய்தவர். லெஸ்ரர் பிளற் என்னும் பாடகரும் நெசவாலைத் தொழிலாளியே. கேட்டவர்கள் யார்? மண்ணைவிட்டு சின்சினாற்றி, டிற்றோயிற், போல்ரிமோர் ஆலைகளுக்குக் குடிபெயர்ந்த மலைமக்கள். ஞாயிறு மாலையில் தொழிலாளர் மதுச்சாலைகளிலே அவர்கள் இதனைக் கேட்டனர்.

இப்பின்னணியோடு கேட்டாற் பல விடயங்கள் தெளிவாகின்றன. ஸ்க்றக்ஸ் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றிலும் கவசமணிந்து, எட்டு நுண்மாத்திரைகளை மூன்று, மூன்று, இரண்டு எனப் பகுத்து இடையறாது உருட்டுவார். ஓய்வற்ற அவ்வோட்டம் புகைவண்டியினதும் நூற்கும் இயந்திரத்தினதும் ஓட்டத்தை எமக்கு நினைவூட்டுகின்றது. மன்டலின், தாளத்தின் இடைவெளியிலே வெட்டிவிழும். இந்த வேகத்தின்மேல் பாடப்படுவது என்ன? கைவிட்டு வந்த குடிசை, இறந்த தாய், திரும்பிச்செல்ல முடியாத பள்ளத்தாக்கு. ஆலையின் கதியில் வீட்டிற்காக அழும் இசை இது. சொற்கள் பின்னோக்கிப் பார்க்கின்றன. தாளமோ பின்னோக்கிச் செல்ல விடுவதில்லை. தமது நிலைமையை அம்மக்கள் சூத்திரமாக்கிச் சொல்லவில்லை. அதனை இசையாக்கிக் கேட்டார்கள். ஒரே ஒலிவாங்கியைச் சூழ்ந்து நின்று, தன்முறை வந்தவன் முன்வந்து வாசித்து, முடிந்ததும் அடுத்தவனுக்கு வழிவிட்டுப் பின்வாங்கும் ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. தனித்திறமை உச்சம் பெறும். ஆனால் எவனும் மற்றவர்களைப் பிடித்துத் தள்ளிவிட்டு நிற்பதில்லை.

எம் காதல் குருட்டுக்காதலாகிவிடக் கூடாது. தாயையும் குடிசையையும் பற்றிய பாட்டுகளுட் பல வெறும் கண்ணீர் வியாபாரம். பழைய கொலைக் கதைப்பாடல்களிலே, காதலன் காதலியை ஆற்றங்கரைக்கு அழைத்துச்சென்று கொல்கின்றான். மெட்டு இனிமையாகவே இருக்கின்றது. எத்தனை தலைமுறைகள் அதனைக் கூசாமற் பாடியிருக்கின்றன! புளூகிறாஸ் மேடைகளிலோ பெண்கள் நெடுங்காலம் விருந்தாளிகளாகவே இருந்தனர். இவ்விரு குறைகளையும் உள்ளிருந்தே உடைத்தவர் ஹேசல் டிக்கன்ஸ். மேற்கு வெர்ஜீனியாவின் சுரங்கக் குடும்பத்திற் பிறந்து, போல்ரிமோருக்குக் குடிபெயர்ந்து ஆலையிலும் கடையிலும் வேலைசெய்தவர். அலிஸ் ஜெராட்டுடன் இணைந்து 1965இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டில், இரு பெண்கள் முன்னணியிலே நின்று பாடினர். நிலக்கரித் தூசு நுரையீரலை அரித்துத் தம் சகோதரர் இறந்தபின் அவர் எழுதிய பாடலில் சுலோகம் இல்லை. மூச்சுத்திணறும் மனிதனொருவன் இருக்கின்றான். 1976இல் வெளிவந்த ஹாலன் வேலைநிறுத்தம் பற்றிய விவரணப்படத்தில் அவரது குரல் ஒலிக்கின்றது. அப்படத்தைக் கண்ட தோழர்கள் அக்குரலை மறந்திரார்.

நிற்க. இவ்விசையின் அன்பர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெர்ஜீனியாவின் கேலக்ஸ் நகரில் 1935 முதல் நடைபெற்றுவரும் பிடில் மாநாட்டிலே மேடையைவிட வாகனத் தரிப்பிடமே முக்கியமானது என்பர். தொழிலாளியும் ஆசிரியரும் வைத்தியரும் வட்டமாக அமர்ந்து, நள்ளிரவு தாண்டியும் வாசிப்பர். ஓல்ட்-ரைம் வட்டத்தில் தனியாவர்த்தனம் இல்லை; எல்லோரும் ஒரே மெட்டை மீண்டும் மீண்டும் ஒருமித்து வாசிப்பர். முடிக்கவேண்டும் எனத் தோன்றுகையில் தொடங்கியவர் காலைத் தூக்கிக் காட்டுவார், அவ்வளவுதான். பணமோ புகழோ இல்லாத இவ்வாழ்நாட் காதலை நாம் பெரிதும் மதிக்கின்றோம். ஆனால் அவர்களிடையேயும் தூய்மைவாதம் புதிய வேடத்திலே தலைகாட்டுகின்றது. 1946ஆம் ஆண்டுக் குழு செய்ததே புளூகிறாஸ், மற்றதெல்லாம் கலப்படம் என்பார் உளர். அக்குழுவே அன்று எத்துணை பெரிய கலப்படமாக இருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

2005ஆம் ஆண்டு வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பினப் பான்ஜோக் கலைஞரின் ஒன்றுகூடல் ஒன்று நடைபெற்றது. அங்கு சந்தித்த றியானன் கிடென்ஸ் முதலிய இளைஞர் மூவர், அதே மாநிலத்தின் மெபன் என்னும் சிற்றூரிலே வாழ்ந்த ஜோ தொம்சன் என்பவரின் வீட்டிற்கு வாரந்தோறும் சென்று பயிலத் தொடங்கினர். தொம்சன் கறுப்பினத்தவர், தளபாடத் தொழிற்சாலையிலே வேலைசெய்தவர், தந்தையிடம் பிடில் கற்றவர். ‘எந்த வரிசையிலும் சேராத’ அதே ஆட்டப்பாட்டுகள், கம்பனிகளின் உதவியின்றியே அவர் விரல்களில் உயிரோடிருந்தன. அவ்விளைஞரின் குழு 2010இல் வெளியிட்ட இசைத்தட்டுக்கு அடுத்த ஆண்டு கிறமி விருது கிடைத்தது. தொம்சன் 2012இல் காலமானார். எமது தோழர் அடுத்தமுறை வரும்பொழுது அவருடைய தட்டையே முதலிற் சுழலவிட எண்ணியுள்ளோம். கேட்டபின் கேள்வியைத் தொடரட்டும்.